குணமாகாது என்றால் மெமரி கிளினிக் எதற்கு?

கேள்வி சுருக்கமாக இது: அப்பாவுக்கு 74 வயது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்தில் அம்மாவோடு இருக்கிறார். ஒரு வருடமாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஏ.டி.எம். ரகசிய எண் மறந்துபோய் இரண்டு முறை கார்டு முடங்கியது. போன மாதம் கும்பேசுவரர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, நாற்பது வருடம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நின்றிருக்கிறார். உள்ளூர் டாக்டர் மெமரி கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொல்கிறார். "டிமென்ஷியா என்றால் குணமாகாது என்கிறார்களே, பிறகு எதற்கு அவரை அலைக்கழிக்க வேண்டும்? அங்கே அப்படி என்னதான் செய்வார்கள்?"

போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பாவை எப்படியும் கூட்டிப்போவீர்கள், அம்மாவை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டுப் போவீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன். ஒரு மருத்துவமனையின் நினைவாற்றல் பிரிவில் பல வருடம் சமூகப் பணியாளராக இருந்தவன் நான். டாக்டர் அறையில் குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரம் இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி. அதன்பிறகு என் அறைக்கு வருவார்கள். அங்கே ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பேசுபவர் அநேகமாக மனைவி, அல்லது மருமகள். முதல் பத்து நிமிடம் நோயாளியைப் பற்றிப் பேசுவார், அப்புறம் அழுவார்.

முதலில் அந்தக் "குணமாகாது" என்ற பேச்சு. அது பாதி உண்மை. டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. நினைவும் யோசனையும் குறைந்து, அன்றாட வேலைகளைத் தானாகச் செய்ய முடியாமல் போகும் நிலைக்குப் பொதுப் பெயர் அது. அதற்குக் காரணங்கள் பல. அதிகம் காணப்படுவது அல்சைமர். அடுத்து, மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபட்டு வருவது. நம் ஊரில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருப்பதால் இரண்டும் கலந்தே வருவதும் உண்டு. இவற்றை முழுதாகச் சரிசெய்ய இன்றைக்கு மருந்து இல்லை, உண்மைதான். ஆனால் உங்கள் அப்பாவுக்கு இருப்பது இதுதான் என்று யார் சொன்னது? இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லையே.

இதே முகத்தோடு வரும் வேறு கோளாறுகள் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றுக்கு வைத்தியம் உண்டு. வைட்டமின் பி12 குறைவு (சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கும், சுத்த சைவர்களுக்கும் இது வரலாம்). தைராய்டு குறைவு. சில பிரஷர் மாத்திரைகளால் ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கிப்போவது. முதுமையில் வரும் மனச்சோர்வு. இது அழுகையாக வராமல் மறதியாகவும் மந்தமாகவும் வரும். அப்புறம் காது மந்தம். பாதிப் பேச்சு காதில் விழாதவரிடம் போய் "சொன்னதையே மறந்துட்டாரு" என்று குறைபட்டு என்ன பயன்?

ஒரு பெரியவரை மூன்று மாதமாக "வயசாச்சு" என்று வீட்டிலேயே வைத்திருந்தார்கள். நடை தள்ளாடியது, பகலெல்லாம் தூக்கம், பேச்சு குழறல். கேட்கக் கேட்கத்தான் வந்தது: அதற்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார், வெளிக்காயம் எதுவும் இல்லாததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்ததில் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் மெதுவாகக் கசிந்து தேங்கியிருந்தது. வடித்தெடுத்த சில வாரங்களில் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். இப்படி எல்லோருக்கும் நடக்கும் என்று ஆசை காட்டவில்லை. வருபவர்களில் சிலருக்குத்தான். ஆனால் அந்தச் சிலரில் உங்கள் அப்பா ஒருவரா என்று பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். போகும்போது வீட்டிலிருக்கும் அத்தனை மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். சீட்டில் எழுதியவை மட்டும் போதாது. மெடிக்கல் ஷாப்பில் சளிக்கென்று கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்துக்குக் கொடுத்தது, நாட்டு மருந்து, எல்லாமும். பழைய வகை சளி, அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் அடங்காமைக்குத் தரும் சில மாத்திரைகள், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் எல்லாம் வயதானவர்களின் நினைவை மங்கவைக்கக் கூடியவை. சில வீடுகளில் புதிதாக ஒரு மாத்திரையும் எழுதாமல், இருந்ததில் இரண்டைக் குறைத்ததே வைத்தியமாக இருந்திருக்கிறது. தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்று. நேற்று வரை நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினால், அது மெமரி கிளினிக்குக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கும் விஷயமில்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்புச்சத்துக் குறைவு, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம். அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே மறதி நோய் இருப்பவருக்கும் இதே விதிதான். நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக் காய்ச்சலைக் கோட்டைவிட்ட வீடுகள் உண்டு.

சரி, கிளினிக்கில் என்ன நடக்கும்? எல்லாம் பேச்சில்தான் ஆரம்பிக்கும். அப்பாவோடு தனியாக, அம்மாவோடு தனியாக. அம்மாவிடம் கேட்பதில்தான் பாதி நோயறிதல் இருக்கிறது. எப்போது ஆரம்பித்தது, மெதுவாக இறங்கியதா, படிப்படியாகத் தட்டுத் தட்டாக இறங்கியதா, முதலில் மாறியது நினைவா, குணமா, நடையா? தூக்கத்தில் கை கால் உதறுகிறாரா, இல்லாத ஆட்களைப் பார்க்கிறாரா? இதையெல்லாம் அவர் எதிரில் வைத்துக் கேட்டால் அம்மா வாயே திறக்க மாட்டார். நம் ஊர்ப் பெண்கள் புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, கொஞ்சம் மறதி" என்று முடித்துவிடுவார்கள். அதற்காகத்தான் தனியாக.

அடுத்தது நினைவுச் சோதனை. மூன்று வார்த்தைகளைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துக் கேட்பது, கடிகாரம் வரையச் சொல்வது, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வது போன்றவை. உலகம் முழுக்கப் பயன்படும் சோதனைகளில் ஒன்று 1975-இல் வந்தது, இன்னொன்று 2005-இல். இரண்டுக்கும் 30 மதிப்பெண். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டியிடம் ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் என்ன ஆகும்? நோய் இல்லாதவரும் தோற்றுப்போவார். இன்றைய தேதி கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனால் அமாவாசைக்கு எத்தனை நாள் என்று கேட்டால் கணக்காகச் சொல்வார். இதனால்தான் ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறிவு இல்லாத கிராமத்து முதியோருக்காக மாற்றி எழுதிய சோதனையில், மணி கேட்பதற்குப் பதிலாக இது காலையா, மதியமா, மாலையா என்று கேட்கும்படி வைத்தார்கள். வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் சமூகத்தில் கண்டறிவதற்கென்றே தனியாகக் கேள்விகள் உருவாக்கினார்கள். இதன் மறுபக்கம் உங்கள் அப்பா விஷயத்தில் வரலாம். ஆயுசு முழுக்கக் கோப்புகளோடு இருந்த மனிதர். 30-க்கு 27 வாங்கிவிடுவார், டாக்டரிடம் கம்பீரமாகப் பேசுவார், வெளியே வந்து செருப்பை எங்கே விட்டோம் என்று தேடுவார். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து "ஒன்றுமில்லை" என்று யாராவது அனுப்பினால், அந்த வழி தவறிய கதையை அழுத்திச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன் இவையெல்லாம் உண்டு. அதில் விவரிக்க அதிகமில்லை. ஒரே நாளில் எல்லாம் முடியாது, இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடியையும் காது மெஷினையும் மறக்காதீர்கள். அவை இல்லாமல் சோதனை வைத்தால் அளந்தது மூளையையா, காதையா என்று தெரியாது.

"எனக்கென்ன பைத்தியமா?" என்று வர மறுத்தால்? "மறதி டாக்டர்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். சுகர், பிரஷர், கண், காது எல்லாம் மொத்தமாக ஒரு செக்கப் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, அங்கே அவற்றையும் பார்க்கத்தான் செய்வார்கள். அம்மாவுக்குக் காட்டப் போகிறோம், நீங்கள் துணைக்கு வாருங்கள் என்றும் சொல்லிப் பார்க்கலாம். பொறுப்பு கொடுத்தால் கிளம்பிவிடும் மனிதர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களிடம் இது நன்றாகவே வேலை செய்யும்.

நோயென்று உறுதியானால், "அவரிடம் மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கெஞ்சுவார்கள். பெரும்பாலான குடும்பங்களின் முதல் வேண்டுகோள் அதுதான். எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. ஆரம்ப நிலையில் இருப்பவருக்குத் தன்னிடம் ஏதோ நழுவுவது தெரியும், ராத்திரி தனியாக அதை நினைத்துப் பயப்படுவார். மென்மையாகச் சொன்னால் பலருக்கு ஒரு ஆறுதல்தான் வருகிறது. அதோடு, அவர் தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள் உண்டு, அதில் அவசரம் இருக்கிறது.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கிளினிக்கில் எல்லோரும் சொல்வதில்லை. "அப்பாவிடம் பவர் எழுதி வாங்கிட்டோம், இனி கவலையில்லை" என்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201-இன்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. அதாவது, எப்போது தேவைப்படுமோ அப்போது அந்தப் பத்திரம் செல்லாது. உயிலும் தெளிந்த மனதோடு எழுதினால்தான் நிற்கும். எனவே வங்கிக் கணக்கில் அம்மா பெயரையும் சேர்த்து, இருவரில் ஒருவர் கையெழுத்தே போதும் என்ற ஏற்பாடு, நாமினி விவரம், உயில் எல்லாவற்றையும் இப்போதே, அவர் சம்மதத்தோடு, ஒரு வக்கீலிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பென்ஷனுக்கான வாழ்நாள் சான்றை இப்போது ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே பதிய முடிகிறது. அவரைக் கருவூலப் படிக்கட்டில் ஏற்றி இறக்க வேண்டாம்.

மருந்து விஷயத்தில் ஆசையும் வேண்டாம், வெறுப்பும் வேண்டாம். அல்சைமருக்குப் பெரும்பாலும் முதலில் எழுதுவது டோனெபெசில். 5 மில்லிகிராமில் தொடங்கிச் சில வாரங்கள் கழித்து 10 ஆக்குவார்கள். நோயை நிறுத்தாது. சிலருக்குக் கொஞ்ச காலம் கவனமும் அன்றாடத் திறனும் தாக்குப்பிடிக்க உதவும். குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம், நாடித்துடிப்பு குறையலாம். அதனால் இ.சி.ஜி. பார்த்துவிட்டுத் தருவது நல்லது. கெட்ட கனவு வந்தால் இரவு போடுவதைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நோய் நடுத்தர நிலையைத் தாண்டினால் மெமன்டின் என்ற மருந்தையும் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் 2023-இல் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் பற்றி வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வந்திருக்கும். அது மிக ஆரம்ப நிலை அல்சைமருக்கு மட்டும், நரம்பு வழியே ஏற்றுவது, மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வருகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். இதற்காக நிலத்தை விற்க நினைக்காதீர்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: ராத்திரி கத்துகிறார் என்று மனநோய்க்கான மருந்தை யாராவது எழுதினால், எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது என்று கேட்டு வாங்குங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அந்த வகை மருந்துகள் பக்கவாதம், இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன. வேறு வழியில்லாதபோது, குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்குத்தான்.

இப்போது, அம்மாவை ஏன் கூட்டிப்போகச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன்.

மறதி நோய் உள்ளவர்கள் பலர் சாயங்காலம் ஆறு மணி ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று செருப்பைப் போட்டுக்கொள்வார்கள். இருப்பது சொந்த வீட்டில். "இதுதாங்க நம்ம வீடு" என்று அம்மா பத்து முறை சொல்வார், பதினோராவது முறை கத்துவார், அவரும் கத்துவார். அவர் தேடுவது பெரும்பாலும் ஒரு கட்டடத்தை இல்லை. சின்ன வயதில் வளர்ந்த வீடாக இருக்கும், அல்லது வெளிச்சம் குறையும்போது வரும் இனம்புரியாத பயமாக இருக்கும். எனவே ஐந்தரைக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள், காபி கொடுங்கள், "போகலாம், இதைக் குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று சொல்லி, அந்த வீட்டைப் பற்றியே கேளுங்கள். கிணறு எந்தப் பக்கம் இருந்தது, யார் சமைப்பார்கள்? அநேகமாகச் செருப்பு தானாகக் கழலும். சில நாள் தெருமுனை வரை கூடவே நடந்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். திருத்தாதே, வாதாடாதே, கூடப்போ, திசை திருப்பு. இதைச் சொல்வது சுலபம், நாற்பது வருடம் அவரோடு வாதாடியே பழகிய ஒருத்திக்குச் செய்வது கடினம். அதனால்தான் இதைப் பழக்கிவிட ஒரு ஆள் தேவைப்படுகிறது.

திருட்டுப் புகார் இன்னொன்று. பணத்தை வைத்த இடம் மறந்துபோகும், மறந்தது தெரியாது, எனவே யாரோ எடுத்திருக்க வேண்டும். யார்? வீட்டில் அதிக நேரம் இருப்பவர். நம் வீடுகளில் அது மருமகள், இல்லாவிட்டால் வேலைக்கு வரும் அக்கா. "அத்தை என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க" என்று குமுறிக் குடும்பமே உடைந்துபோன நிலையில் கிளினிக்குக்கு வந்தவர்கள் உண்டு. ஊரும் நம்பும், ஏனென்றால் மாமியார் மற்றபடி தெளிவாகத்தான் பேசுகிறார். டாக்டர் மகனை உட்காரவைத்து, இது நோயின் அறிகுறி, அந்தப் பெண் எடுக்கவில்லை என்று சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில் மருமகள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். வேறெந்த மருந்தும் அதைச் செய்யாது.

குளிக்க மறுப்பது, சாப்பிட்டதை மறந்து "இந்த வீட்டில் சோறே போடுவதில்லை" என்று விருந்தாளியிடம் சொல்வது, துணியில் போய்விடுவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுப்பது கிளினிக்கின் வேலை. கூட்டமாக உட்காரவைத்துச் செய்யும் பயிற்சிகளும் உண்டு. அறிவுத் தூண்டல் சிகிச்சை என்று ஒன்று, பிரிட்டனில் உருவானது. வாரம் இரண்டு, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வுகள். பழைய பாட்டு, உணவு, காசு, ஊர்ச் செய்தி என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொருளை எடுத்துப் பேசுவது, விளையாடுவது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பினர் இதைத் தமிழுக்கு ஏற்ப மாற்றிச் செய்து பார்த்திருக்கிறார்கள். லேசான, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு ஏற்றது.

அப்புறம் அம்மாவின் உடம்பு. நல்ல கிளினிக்கில் அவருக்கும் பிரஷர் பார்ப்பார்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேட்கச் சொல்லுங்கள். 70 வயதுப் பெண்மணி, ராத்திரி நான்கு முறை எழுந்து, தன் எடையைவிட அதிகமான ஒருவரைத் தூக்கி உட்காரவைக்கிறார். முதலில் விழப்போவது யார்? "நான் பார்த்துக்கறேன், நீ உன் வேலையைப் பாரு" என்று போனில் சொல்வதை நம்பாதீர்கள். வாரத்தில் இரண்டு அரைநாளாவது வேறு யாராவது வந்து உட்கார வேண்டும், அந்த நேரத்தில் அம்மா கோயிலுக்கோ தங்கை வீட்டுக்கோ போக வேண்டும். பணம் அனுப்புவதோடு முடியாது, முறை போட்டுக்கொண்டு வந்து இருக்க வேண்டும். அண்ணன் தம்பி இருந்தால் கிளினிக்குக்கு அவர்களையும் வரச் சொல்லுங்கள். "அம்மா மிகைப்படுத்துறாங்க" என்று சொல்லும் பிள்ளை ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். அவர் டாக்டர் வாயால் கேட்க வேண்டும்.

எங்கே போவது? கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். மெமரி கிளினிக் என்று பலகை இல்லாவிட்டாலும் நரம்பியல், மனநலப் பிரிவுகளில் தொடங்கலாம். சென்னை வர முடிந்தால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த, 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்குப் பழைய பெயர் உண்டு. சென்னை ஜி.எச்.சில் 1978-லேயே முதியோருக்கெனத் தனி ஓ.பி. தொடங்கினார் டாக்டர் வி.எஸ்.நடராஜன். வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிமான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனை) இரண்டும் அலைச்சல்தான். உள்ளூரில் குழப்பம் தீராதபோது மட்டும் போனால் போதும். நேரில் போகும் முன் பேச, முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை, தமிழில் பேசலாம். நீங்கள் மட்டும் இதில் மாட்டிக்கொண்டதாக நினைக்க வேண்டாம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது.

தேதி கிடைக்கும்வரை செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. அப்பாவின் எல்லாச் சட்டைப் பையிலும் பெயரும் உங்கள் போன் நம்பரும் எழுதிய சீட்டு வையுங்கள், துவைக்கும்போது போய்விடும் என்பதால் சட்டையின் உள்பக்கமும் துணிப் பேனாவால் எழுதுங்கள். தெருமுனை டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட், கோயில் குருக்கள் மூவரிடமும் விஷயத்தைச் சொல்லி நம்பர் கொடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ராத்திரி படுக்கும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடச் சொல்லுங்கள். அப்புறம் அம்மாவிடம் ஒரு பழைய டைரியைக் கொடுத்து, நடப்பதைத் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன கேட்டார், எப்போது கோபம் வந்தது என்று இரண்டு வரி போதும். அந்த டைரியையும் மஞ்சப்பையிலேயே போட்டு எடுத்துப் போங்கள்.